மணல் தீவில் ஓர் அம்மி

இராமேசுவரத்துக்குப் போய்வந்தவர்கள் மூன்று விஷயங்களைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். ஒன்று, கோயிலின் பிராகாரம். இரண்டாவது, பாம்பன் பாலம். மூன்றாவது, இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்ட வைபவம். அந்த ஊரின் அடுப்பங்கரைகளில் கிடந்த அம்மியைப் பற்றிப் பேசியவர்கள் உண்டா? அம்மியில் என்ன அதிசயம் இருக்கிறது, அது எந்த ஊரில்தான் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் இராமேசுவரத்தில் அது இருப்பது அதிசயம். ஏனென்றால் அந்தத் தீவில் அம்மி செய்யக் கல் கிடையாது.

தீவு முழுவதும் மணல். மணலுக்கு அடியில் பழைய பவளப் பாறையும், சிப்பியும் மணலும் இறுகிய சுண்ணாம்புக் கல்லும். கந்தமாதன பர்வதம் என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, அதுவும் ஒரு மணல் மேடுதான். தல புராணமே இந்தக் கல் பஞ்சத்துக்குச் சாட்சி சொல்கிறது. இராமபிரான் சிவபூஜை செய்ய நினைத்தபோது லிங்கத்துக்காக அனுமனைக் கைலாசத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அனுமன் வரத் தாமதமாயிற்று. முகூர்த்தம் தவறிவிடக்கூடாதே என்று சீதாப்பிராட்டி கைக்கெட்டிய மணலைப் பிடித்து லிங்கமாக்கினாள். பக்தர்களுக்கு அது தெய்வ லீலை. ஆனால், அந்தக் கரையில் கையை நீட்டினால் கிடைப்பது மணல், கல் வேண்டுமானால் வெகு தூரம் போகவேண்டும் என்கிற உள்ளூர் உண்மையும் அந்தக் கதைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

கோயிலின் பெரிய பிராகாரத்தைச் சேதுபதி மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தார்கள். சுமார் 1,200 தூண்கள் அணிவகுத்து நிற்கும் அந்த நடையில் நிற்கும்போது, இத்தனை கல்லும் கடலைத் தாண்டி எப்படி வந்தது என்று யாத்திரிகர் ஒவ்வொருவரும் வாயைப் பிளக்கிறார்கள். நியாயந்தான். ஆனால் அதே கடலை அம்மியும் தாண்டித்தான் வந்திருக்கிறது. ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914இல். சாலைப் பாலம் வந்தது 1988இல். அதற்கு முன்னால் தீவுக்குள் நுழைந்த ஒவ்வோர் அம்மியும், ஒவ்வோர் ஆட்டுக்கல்லும், ஒவ்வொரு திருகையும் எதிர்க்கரையில் வத்தையிலோ தோணியிலோ ஏற்றப்பட்டு, பாம்பன் நீரோட்டத்தைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். அரசர் கொண்டுவந்த கல்லுக்கு வரலாறு உண்டு. அடுப்பங்கரைக்கு வந்த கல்லுக்கு ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரியைத் தேடிப் பார்ப்போம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

*

எந்தக் கல்லும் அம்மியாகிவிடாது. இராமேசுவரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் கல் பவளக் கல். உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்திருப்பதால் மிதக்கிறது. அதன்மேல் மஞ்சளை வைத்துத் தேய்த்தால் மஞ்சள் அரைபடுவதற்கு முன் கல் அரைபட்டுக் குழம்பில் கலந்துவிடும். சுண்ணாம்புக் கல்லும் அப்படித்தான். புளியைக் கண்டால் கரையத் தொடங்கும். வீட்டுச் சுவர் வைக்கவும் நீற்றிச் சுண்ணாம்பாக்கவும் கடற்கரைக் கல் உதவலாம். அரைப்பதற்குக் கருங்கல்தான் வேண்டும்.

கருங்கல்லின் மகிமை அதன் கடினத்தில் மட்டும் இல்லை. அது ஒரே பொருளால் ஆனதல்ல. மிகக் கடினமான மணிகளும் அவற்றைவிடச் சற்று மெதுவான மணிகளும் பிசைந்து இறுகினது அது. தேயத் தேய மெதுவான மணி முதலில் போகும். கடினமான மணி துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே ஓரளவுக்குத் தேய்மானமே அதற்குச் சாணையாகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நாளடைவில் முகம் வழவழவென்று ஆகிவிடும். தேங்காய் வழுக்கும்; மிளகாய் விதை தப்பி ஓடும். அப்போதுதான் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!" என்று தெருவில் ஒரு குரல் கேட்கும். உளியும் சுத்தியலும் தவிர வேறு மூலதனம் இல்லாத மனிதர் திண்ணையோரம் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகக் கொத்தி, அந்த வழுக்கைக் கல்லுக்கு மறுபடியும் பல் முளைக்க வைப்பார். சிலர் ஓரத்தில் ஒரு மீனோ பூவோ கொத்திக் கொடுப்பதும் உண்டு. புதிதாய்க் கொத்தின அம்மியில் உடனே குழம்புக்கு அரைக்க மாட்டார்கள். தவிட்டையோ நொய்யையோ போட்டு இரண்டு மூன்று தடவை அரைத்து வழித்து எறிந்துவிட்டு, பிறகுதான் சமையலுக்கு.

இந்தக் கல்லுக்கு இராமநாதபுரத்துக் கரை எங்கே போகும்? 1910இல் அமைக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் ஜில்லா மிகப் பெரியது. 1985இல் அது மூன்றாகப் பிரிந்தது. பிரான்மலையும் குன்றக்குடியும் சிவகங்கைப் பக்கம் போய்விட்டன. கடலும் உப்பளமும் பனங்காடும் இராமநாதபுரத்துக்கு மிஞ்சின. அதாவது, பாறை ஒரு ஜில்லாவுக்கும் மணல் ஒரு ஜில்லாவுக்குமாகப் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. கரையோரத்துப் பெண் தன் அம்மிக்கு எப்போதுமே உள்நாட்டை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறாள். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேற்கே போயின. மேற்கேயிருந்து அரிசியும் கல்லும் கிழக்கே வந்தன.

*

பெயரைப் பார்ப்போம். கீழே கிடப்பது அம்மி. மேலே உருள்வது குழவி. "அம்மி" என்ற சொல் மலையாளத்திலும் அப்படியே வழங்குகிறது. இரு மொழியும் ஒன்றாயிருந்த காலத்துக் குடும்பச் சொத்து போலும். "குழவி" என்பதற்குத் தமிழில் குழந்தை என்று பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். தொல்காப்பியம் இளமைப் பெயர்களை எடுத்துச் சொல்லும் மரபியலில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. உருண்டு திரண்டு, இரண்டு கைக்குள் அடங்கி, ஒரு பெண்ணின் மடிக்கு முன்னால் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கும் கல்லைப் பார்த்துக் குழந்தை என்று யாருக்குச் சொல்லத் தோன்றியிருக்கும்? கல் தச்சனுக்குத் தோன்றியிராது. அதை நித்தமும் இரண்டு கையாலும் பிடித்துக் குளிப்பாட்டினவளுக்குத்தான் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம். மராட்டிய நாட்டில் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் நாளில் குழவிக் கல்லைத் துணியில் சுற்றிக் குழந்தையாகவே பாவித்துத் தொட்டிலுக்கு மேலும் கீழுமாகக் கைமாற்றுகிற வழக்கம் உண்டு. கல்லைப் போல் ஆயுசு கெட்டியாக இருக்கவேண்டும் என்ற வேண்டுதல் அதற்குள் இருக்கிறது.

இராமேசுவரத்துக்கு நேர் எதிரே, கடலுக்கு அப்பால் இலங்கை. அங்கே சிங்களவர்கள் அம்மியை "மிரிஸ் கல" என்கிறார்கள். மிளகாய்க் கல் என்று பொருள். கேழ்வரகு அரைக்கும் திருகையை "குரக்கன் கல" என்கிறார்கள். மலேயாவுக்குப் போன நம்மவர்கள் அங்கே இதே சாமானுக்கு "பத்து கீலிங்" என்று பெயர் இருப்பதைக் கண்டார்கள். உருட்டி அரைக்கும் கல் என்று அர்த்தம். மெக்ஸிகோ நாட்டில் மூன்று கால் வைத்த சாய்வான கல் ஒன்று உண்டு. அது "மெத்தாத்தே". அதன்மேல் உருளும் கல்லுக்கு ஸ்பானிய மொழியில் "மானோ", அதாவது கை, என்று பெயர். ஒரு நாட்டார் அரைபடும் பொருளைக் கொண்டு கல்லுக்குப் பெயர் வைத்தார்கள். இன்னொரு நாட்டார் அது செய்யும் வேலையைக் கொண்டு வைத்தார்கள். வேறொரு நாட்டார் அதைப் பிடித்த கையையே பெயராக்கினார்கள். நம் நாட்டில் அந்தக் கை எதைத் தாலாட்டுவதாக நினைத்ததோ, அதைப் பெயராக வைத்தார்கள்.

*

அம்மியின் வயசு என்ன? வேளாண்மையை விடப் பெரியது. விதைக்கத் தெரிவதற்கு முன்பே, காட்டில் விளைந்த புல்லரிசியைப் பொறுக்கிக் கல்லில் தேய்த்துத் தின்னத் தெரிந்துகொண்டான் மனிதன். மொகஞ்சதாரோவைத் தோண்டியபோது நடுவில் குழிந்த அரைகற்கள் ஏராளமாகக் கிடைத்தன. முன்னும் பின்னும் தேய்க்கிற ஜாதி அவை. சுற்றுகிற ஜாதியான திருகை பிற்காலத்தது. மத்தியதரைக் கடற்கரையில் தோன்றி ஊர் ஊராகப் பரவிய அதைத் தட்சசீலத்தில் ஏறக்குறைய கிறிஸ்து பிறந்த காலத்து அடுக்குகளில் கண்டெடுத்திருக்கிறார்கள். இராமநாதபுரத்துக் கரையிலேயே, வைகை கடலில் விழும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் 1986 முதல் பல தடவை அகழ்வாராய்ச்சி நடந்திருக்கிறது. ரோமாபுரிக் காசும் மதுச்சாடித் துண்டும் கப்பல் கீறின பானை ஓடும் அங்கே கிடைத்துப் பிரசித்தி பெற்றன. காசு கிடைத்தால் பத்திரிகையில் படம் வரும். அரைகல் கிடைத்தால் படம் வருவதில்லை. ஆனாலும் ரோமாபுரிக் கப்பல் வந்த அன்றைக்கும் அந்த ஊரில் யாரோ ஒருத்தி அரைத்திருக்கத்தான் வேண்டும். வியாபாரிகளும் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?

அந்த ஒருத்தியைப் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை. எலும்பில் இருக்கிறது. சிரியா தேசத்தில், யூப்ரடீஸ் நதிக் கரையில் அபு ஹுரேரா என்று ஒரு பழைய கிராமம். அணை கட்டியபோது அந்த இடம் நீரில் மூழ்கிவிடும் என்பதால் 1972லும் 1973லும் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த தியா மோல்லெசன் என்ற அம்மையார் ஒரு விசித்திரத்தைக் கண்டார். பல எலும்புக்கூடுகளில் கால் கட்டை விரல் மூட்டு தேய்ந்து கெட்டிருந்தது. முழங்கால் மாறியிருந்தது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பு நசுங்கியிருந்தது. பெரும்பாலும் அவை பெண்களுடையவை. மண்டியிட்டு, கால் விரலை மடக்கி ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் முன்னால் தள்ளி, தினமும் மணிக்கணக்கில் கல்லில் அரைத்ததன் விளைவு என்று அவர் முடிவு கட்டினார்.

நம் ஊர்ப் பெண்கள் மண்டியிடாமல் உட்கார்ந்து அரைத்தார்கள். மலையாளத்திலும் இலங்கையிலும் அம்மியை மேடையில் தூக்கி வைத்து நின்றுகொண்டு அரைப்பார்கள். நின்றால் என்ன, உட்கார்ந்தால் என்ன? கல் தேய்ந்த அளவுக்கு உடம்பும் தேய்ந்தது. கல்லுக்காவது கொத்துகிறவர் வந்தார்.

*

நம் பழைய இலக்கியத்தில் உலக்கைக்குக் கிடைத்த கௌரவம் அம்மிக்குக் கிடைக்கவில்லை. உலக்கை குத்துகிறவர்கள் பாடிய வள்ளைப் பாட்டுக்குச் சிலப்பதிகாரத்திலேயே இடம் உண்டு. உலக்கையை இரண்டு பேர் எதிர் எதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தலாம். பாட்டும் எதிர்ப் பாட்டும் பிறக்கும். அம்மியில் ஒருத்திதான் அரைக்க முடியும். தனியாக வேலை செய்கிறவளுக்குப் பாட்டு எதற்கு, பெருமூச்சே போதாதா?

ஆனால் அரைகல்லைச் சங்கப் புலவர்கள் அடியோடு மறக்கவில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் ஒரு குளிர்கால மாளிகையைக் காட்டுகிறார். வாடை அடிக்கிறது. உடம்புக்குச் சந்தனம் பூச யாரும் விரும்பவில்லை. வடநாட்டிலிருந்து வந்த வட்டமான சந்தனக் கல் தெற்கு நாட்டுச் சந்தனத்தோடு சேர்ந்து மூலையில் சும்மா கிடக்கிறது. அதே வீட்டில் ஏவலாளர்கள் வேறொரு கல்லில் வாசனைப் பொருளை அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீமான் வீட்டிலும் பருவம் மாறினால் கல்தான் மாறும், அரைக்கிறவர்களுக்கு விடுமுறை இல்லை என்பதைப் புலவர் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

இன்றைக்கும் இந்தக் கரையில் சந்தனத்துக்கு மதிப்புக் குறையவில்லை. இராமநாதர் சந்நிதியிலும் சந்தனம். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவிலும் சந்தனம். இராமேசுவரத்துக் குருக்கள் வீட்டிலும் கீழக்கரை மரக்காயர் வீட்டிலும் பாம்பன் பரதவர் வீட்டிலும் கும்பிடும் தெய்வம் வேறு, கட்டும் சேலைக் கட்டு வேறு. அம்மி மட்டும் ஒன்றுதான். பிள்ளை பெற்றவளுக்குக் காயமும் கைக்குழந்தைக்கு வசம்பும் எல்லார் வீட்டிலும் கல்லிலேதான் இழைந்தன. அம்மியின்மேல் உட்காராதே என்று எல்லார் வீட்டுக் கிழவிகளும் குழந்தைகளை ஒரே குரலில் அதட்டினார்கள்.

*

இந்தக் கல் கண்ட மிகப் பெரிய புரட்சி அரசியல் புரட்சி அல்ல, மிளகாய்ப் புரட்சி. சேர சோழ பாண்டியர் காலத்து அம்மி மிளகைத்தான் கண்டது. மிளகாயைக் கண்டதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்ஸிகோ நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கல்லில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். 1498இல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கினான். அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறை நெடுகக் காலூன்றினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். பாம்பனுக்கு எதிர்க்கரையில் உள்ள வேதாளையிலும் போர்த்துகீசியர் இருந்தார்கள். அவர்கள் கப்பலோடு மிளகாயும் இந்தியாவில் இறங்கிற்று.

புதுச் சரக்குக்குப் பெயர் வைக்க நம்மவர் அதிகம் யோசிக்கவில்லை. மிளகு மாதிரி உறைக்கிற காய், ஆகவே மிளகாய். அம்மியும் யோசிக்கவில்லை. மெக்ஸிகோவில் எந்த மாதிரிக் கல்லில் அது அரைபட்டதோ, கிட்டத்தட்ட அதே மாதிரிக் கல் இங்கே ஏற்கெனவே தயாராகக் காத்துக்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு நாட்டுப் பெண்கள், ஒரே வேலைக்கு ஒரே கருவியைத் தனித்தனியே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு இராமநாதபுரம் என்றால் முண்டு மிளகாய்! 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வானம் பார்த்த கரிசலில் விளைந்து, குண்டு குண்டாகச் சிவந்து கிடக்கும் அந்தக் காயைப் பார்த்தால், இது நாலு நூற்றாண்டுக்கு முன் வந்த விருந்தாளி என்று யார் நம்புவார்கள்? அம்மி தீவுக்குள் வந்த விருந்தாளி. மிளகாய் தேசத்துக்குள் வந்த விருந்தாளி. இரண்டும் சேர்ந்து ஒரு மீன் குழம்பை வைத்து, அதற்கு இராமநாதபுரத்துக் குழம்பு என்று பெயரும் வாங்கிவிட்டன. பூர்வீகம் என்று நாம் மார் தட்டிக்கொள்ளும் பல விஷயங்களின் கதை இதுதான்.

*

அம்மி கூடத்துக்கு வருவது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். கல்யாணத்தன்று. மஞ்சள் பூசிக் கோலமிட்டு அதை அக்கினிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி அம்மியின்மேல் வைத்து மெட்டி அணிவிப்பார். பிறகு அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பட்டப் பகலில் மண்டபத்துக் கூரையைப் பார்த்து, "தெரிகிறதா?" என்று கேட்டால், "தெரிகிறது" என்று பெண்ணும் சொல்லிவிடுவாள். தாம்பத்தியத்தின் முதல் பொய் அங்கே அரங்கேறுகிறது! உண்மையில் அருந்ததி என்பது சப்த ரிஷி மண்டலத்தில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் நட்சத்திரம். கண் பார்வைக்கு அது நல்ல பரீட்சை.

அம்மி மிதிப்பதற்கு என்ன அர்த்தம்? "அகலிகை கல்லானாள் அல்லவா? கற்புத் தவறினால் கல்லாவாய் என்று எச்சரிக்கை" என்பார் சிலர். "கல்லைப் போல் எதையும் தாங்கிக்கொண்டு வாய் திறவாமல் கிட என்று உபதேசம்" என்பார் வேறு சிலர். இரண்டு விளக்கமும் பெண்ணுக்கு மட்டுமே புத்தி சொல்கின்றன. மேடைகளில் இவற்றைக் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது.

ஆனால் சடங்கின் பூர்வீகத்தைப் பார்த்தால் கதை வேறு. சங்க காலத்துத் தமிழ்க் கல்யாணத்தை அகநானூற்றின் 86, 136 ஆகிய இரு பாடல்கள் விஸ்தாரமாகக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, மணல் பரப்புதல் உண்டு, விருந்து உண்டு, மங்கல நீராட்டு உண்டு. அக்கினி இல்லை, அம்மியும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகிறார்கள். கண்ணகிக்கு அருந்ததி உவமையாகிறாள். அங்கேயும் அம்மியைக் காணோம். இது வைதிக மரபில் வந்த சடங்கு. கிருஹ்ய சூத்திரங்கள் இதை அச்மாரோஹணம், அதாவது கல்லின்மேல் ஏறுதல் என்கின்றன. ஆசுவலாயனர் அந்தக் கல் அரைகல்லாக இருக்கவேண்டும் என்றே விதிக்கிறார். தெலுங்கு தேசத்திலும் கல்யாணத்தில் "சன்னிகல்லு" மிதிக்கிறார்கள், அதுவும் அரைகல்தான்.

அந்த நேரத்தில் சொல்லும் மந்திரத்தின் சாரம் என்ன? கல்லைப் போல் அசையாமல் நிற்கவேண்டும். எதிர்த்து வருகிறவர்களை வெல்லவேண்டும். அவ்வளவுதான். அகலிகை அதில் இல்லை. சகித்துக்கொண்டு கிட என்பதும் இல்லை. இதைவிட முக்கியமான ஒரு விஷயம்: உபநயனத்தின்போது ஆசிரியர் பிரம்மசாரிப் பையனையும் ஒரு கல்லின்மேல் ஏறி நிற்கச் செய்கிறார். ஏறக்குறைய இதே கருத்துள்ள மந்திரத்தைத்தான் அவனுக்கும் சொல்கிறார். பையனிடம் சொன்னபோது அதற்கு வீரம் என்று அர்த்தம் செய்தோம். பெண்ணிடம் சொன்னபோது அடக்கம் என்று அர்த்தம் செய்தோம். கல் ஒன்றுதான், சொல்லும் ஏறக்குறைய ஒன்றுதான். விளக்கம் சொன்னவர்கள்தான் ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

மணப்பெண் அம்மியின் அடியில் நசுங்கவில்லை. அதன்மேல் ஏறி நிற்கிறாள். ஒரு நாளாவது கல் அவள் காலடியில் இருக்கிறது. மறுநாள் முதல் அவள் அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து நாற்பது வருஷம் அரைக்கப் போகிறாள் என்பதை நினைத்தால், அந்தச் சடங்கை ஏற்படுத்தியவர்களுக்கு ஏதோ ஒரு நியாய உணர்ச்சி இருந்திருக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

*

அந்த நாற்பது வருஷத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறோம். கணவனை இழந்து, நாலு வீட்டுக்கு மாவரைத்துக் கொடுத்து, அப்பளம் இட்டு, மகனைப் படிக்கவைக்கிற தாய் இல்லாத தமிழ்ப் பத்திரிகை உண்டா? மகன் கலெக்டராகிவிடுவான். தாய் ஆனந்தக் கண்ணீர் வடிப்பாள். கதை முடிந்துவிடும். அவளுடைய முதுகு வலியை யாரும் கடைசி அத்தியாயத்தில் எழுதுவதில்லை.

அதைத் தீர்த்துவைத்தது இலக்கியம் அல்ல, கோயம்புத்தூர். 1955இல் அங்கே பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் மாவாட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரில் குழவி நிற்க, உரல் சுழல்கிறது. தலைகீழாகிவிட்டாலும் உள்ளே இருப்பது கல்தான். அதைப் பின்தொடர்ந்து மிக்ஸி வந்தது. அதில் கல்லும் போய்விட்டது, கத்தி வந்துவிட்டது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பாம்பன் நீரோட்டத்தை ஒரு காலத்தில் படகில் தாண்டிய கல்லுக்குப் பதிலாக, அட்டைப் பெட்டியில் அடங்கிய இயந்திரம் பாலத்தின் வழியே வந்து சேர்ந்தது.

அம்மியில் அரைத்த துவையலின் ருசி மிக்ஸியில் வராது என்பார்கள். அது மெய்தான். கத்தி நறுக்குகிறது, கல் நசுக்குகிறது. நசுங்கும்போது தேங்காயின் எண்ணெயும் மிளகாயின் சாரமும் வெளிவந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. அதோடு இயந்திரத்தின் வேகம் மசாலையைச் சுடவைத்து மணத்தைக் கொஞ்சம் பறித்துக்கொள்கிறது. ருசியைப் பற்றிச் சண்டை இல்லை. ஆனால் அம்மித் துவையலின் அருமையைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து உரக்கப் பேசுகிறவர்களை ஒன்று கேட்கவேண்டும். அரைத்தது யார்? "அந்தக் காலத்தில் அம்மியில் அரைத்ததால் பெண்களுக்கு நல்ல தேகப்பயிற்சி" என்று சொல்கிற ஆண்மக்கள், அந்தத் தேகப்பயிற்சியைத் தாங்கள் ஏன் செய்யவில்லை என்பதற்கும் காரணம் சொன்னால் நன்றாயிருக்கும். யூப்ரடீஸ் நதிக்கரை எலும்புகள் வேறு மாதிரி அல்லவா சொல்கின்றன?

ஆகவே அம்மி அடுப்பங்கரையை விட்டுப் போனதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அது போன விதந்தான் மனசை உறுத்துகிறது. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாக, கிணற்றடியில் கால் தேய்க்கும் கல்லாக, வாசற்படிக்கு முட்டுக் கல்லாக ஆகிவிட்டது. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. 1964ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி இரவு இதே தீவின் கோடியில் அடித்த புயல், நூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு தனுஷ்கோடி ரயிலையே கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அதைக் கண்ட கரையில் அந்தப் பழமொழியை யாரும் மிகை என்று சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்ட காற்றைப் பார்த்த தீவின் வீடுகளில் கிடந்த அம்மியை, கடைசியில் ஒரு மின்சாரப் பொத்தான் பறக்க வைத்துவிட்டது.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று கிடக்கலாம். ஒரு நாள் மண்ணைத் தட்டிக் கழுவிவிட்டு, அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். உங்கள் உள்ளங்கை அதில் சொகுசாக உட்காரும். கல் தச்சன் அதைப் பலகை மாதிரி மட்டமாகத்தான் செதுக்கிக் கொடுத்தான். அந்தப் பள்ளம் அவன் செய்ததல்ல. உங்கள் பாட்டியும் அவளுடைய மாமியாரும் அவளுக்கு முந்தினவளும் சேர்ந்து செய்தது. சேதுபதிகள் தங்கள் தானங்களைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிவைத்தார்கள்; படித்துச் சொல்லப் புலவர்கள் இருக்கிறார்கள். இதைப் படிக்கப் புலவர் வேண்டாம். எந்த வருஷம் யார் ஆண்டார் என்று அது சொல்லாது. யார் ஆண்டபோதும் இந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொல்லும்.